கொடுங்கோலன் எப்படி வளர்கிறான்?

(தோட்டக் கிளையின் கல்விக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)

 

கொடுங்கோலன் எப்படி ஆட்சியைப் பிடிக்கிறான், பிடித்த ஆட்சியை எப்படிக் காப்பாற்றிக் கொள்கிறான் என்பதே இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். இது பெரிய அரசியல் விஷயமாயிற்றே, உளி பிடிப்பவனுக்கும் பேனா பிடிப்பவனுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். வள்ளுவர் 'கொடுங்கோன்மை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நாம், கொடுங்கோலன் என்றால் முடிசூடிய அரசன் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். நம் காலத்துக் கொடுங்கோலன் மகுடத்தோடு பிறப்பதில்லை, தோழர்களே! நம்மில் ஒருவனாக நம் பக்கத்தில் நிற்கிறான். நம் குறைகளை நம்மைவிட நன்றாக எடுத்துப் பேசுகிறான். நாம் கைதூக்கித்தான் அவன் மேலே போகிறான். ஆகவே இது நம் விஷயம்.

இதை விளக்க நான் ஒரு மிருகக் கதையை எடுத்துக் கொள்கிறேன். நரியையும் சிங்கத்தையும் பேச வைத்து அரச நீதி சொன்ன பஞ்சதந்திரம் நமக்குப் புதிதல்ல. அதே வழியில் ஆங்கிலத்தில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய கதைதான் 'விலங்குப் பண்ணை'. 1945 ஆகஸ்டில் லண்டனில் வெளிவந்தது.

ஆர்வெல்லின் சொந்தப் பெயர் எரிக் பிளேர். 1903இல் இந்தியாவில், பீகாரைச் சேர்ந்த மோத்திஹாரி என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் அபின் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் வெள்ளைக்கார ஆட்சியின் போலீஸ் அதிகாரியாக இருந்தார். ஆட்சி என்பது உள்ளே எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்து, வெறுத்து, வேலையை விட்டார். பிறகு ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் நின்று போராடினார். 1937இல் கழுத்தில் குண்டு பாய்ந்தும் பிழைத்தார். அங்கேதான், ஒரே பக்கத்தில் நின்ற தோழர்களையே ஸ்டாலினின் ஆட்கள் துரோகிகள் என்று பட்டம் கட்டி வேட்டையாடியதைக் கண்ணால் கண்டார். ஆகவே அவர் முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்க வந்தவர் அல்ல. தாம் ஜனநாயக சோஷலிசத்தின் பக்கம் நிற்பவர் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

கதை பிறந்த விதத்தையும் அவர் சொல்லியிருக்கிறார். பத்து வயதுப் பையன் ஒருவன் ஒரு பெரிய வண்டிக் குதிரையை ஒற்றையடிப் பாதையில் சாட்டையால் அடித்து ஓட்டிப் போவதைக் கண்டாராம். தன் பலம் தனக்குத் தெரிந்துவிட்டால் இந்தக் குதிரையை யார் அடக்க முடியும் என்று அவருக்குத் தோன்றிற்றாம். அந்த நினைப்பிலிருந்து வளர்ந்ததே இந்தக் கதை.

இனி கதைக்கு வருவோம். ஜோன்ஸ் என்பவனின் பண்ணை. குடிகாரன், பிராணிகளைப் பட்டினி போடுகிறவன். மேஜர் என்ற கிழட்டுப் பன்றி ஓர் இரவு எல்லாப் பிராணிகளையும் கூட்டி வைத்து, நம் உழைப்பை மனிதன் திருடுகிறான், ஒரு நாள் நாம் எழ வேண்டும் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் இரவு செத்துப் போகிறது. சில மாதங்களில், குடிவெறியில் ஜோன்ஸ் தீனி போட மறந்த ஒரு நாள், பசி தாங்காத பிராணிகள் எழுந்து அவனை விரட்டிவிடுகின்றன. பண்ணை அவற்றின் சொந்தமாகிறது. ஏழு விதிகளை வகுத்து, தார் பூசிய கொட்டகைச் சுவரில் வெள்ளை எழுத்தில் எழுதி வைக்கின்றன. கட்டிலில் படுக்கக் கூடாது, மது குடிக்கக் கூடாது, ஒரு பிராணி மற்றொன்றைக் கொல்லக் கூடாது, எல்லாரும் சமம் என்பவை அவற்றுள் சில.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிராணிகளின் குறை நியாயமான குறை. அவை எழுந்ததும் நியாயம். நெப்போலியன் என்ற பன்றி கொடுங்கோலனாக வந்தது பொய்யான குறையைச் சொல்லி அல்ல. உண்மையான குறையின் முதுகில் ஏறித்தான் அது வந்தது. ஆகவே கொடுங்கோலன் வருவான் என்று பயந்து குறையைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்படி இருந்தால் ஜோன்ஸ்தான் மிஞ்சுவான். எழுந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதே கேள்வி.

முதல் படி மிகச் சிறியது. ஜோன்ஸை விரட்டிய முதல் நாளே ஐந்து வாளி பால் கறந்து வைத்திருந்தது. வயல் வேலைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அந்தப் பால் மாயமாய் மறைந்துவிட்டது. பிறகு தெரிகிறது, பன்றிகள் தங்கள் தீனியில் கலந்து கொண்டன என்று. அடுத்து, காற்றில் விழுந்த ஆப்பிள் பழங்களும் பன்றிகளுக்கே என்று உத்தரவு வருகிறது. ஸ்குவீலர் என்ற வாய்ச்சாலகப் பன்றி விளக்கம் சொல்கிறது: எங்களுக்குப் பாலும் பழமும் பிடிப்பதே இல்லை, மூளை வேலை செய்கிறவர்களுக்கு மருந்து போல அது அவசியம், நாங்கள் சோர்ந்துவிட்டால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான், அது உங்களுக்குச் சம்மதமா? ஜோன்ஸ் வருவதை யார்தான் விரும்புவார்? எல்லாப் பிராணிகளும் வாயை மூடிக் கொண்டன.

இந்தப் பால், பழ விஷயம்தான் கதையின் திருப்பம் என்று 1946இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகாசிரியருக்கு எழுதிய கடிதத்தில் ஆர்வெல் தெரிவித்தார். கொலையையும் நாய்களையும் அவர் அங்கே சொல்லவில்லை, தோழர்களே! ஐந்து வாளிப் பாலைச் சொன்னார். அன்றே எல்லாரும் எழுந்து கணக்குக் கேட்டிருந்தால் பின்னால் வந்த எதுவும் வந்திராது என்பது அதன் பொருள். மக்கள் விழிப்போடு இருந்து, வேலை முடிந்ததும் தலைவர்களை இறக்கிவிடத் தெரிந்திருந்தால்தான் புரட்சி பயன் தரும் என்பது அவர் முடிவு.

இரண்டாம் படி பலத்தை மறைவில் வளர்ப்பது. நாய்கள் ஒன்பது குட்டி போடுகின்றன. பால்குடி மறந்தவுடனே நெப்போலியன் அவற்றைத் தாய்களிடமிருந்து பிரித்து, கல்வி கொடுக்கிறேன் என்று சொல்லி, ஏணி போட்டு ஏற வேண்டிய ஒரு பரணில் வைத்து வளர்க்கிறது. நாளடைவில் அப்படி ஒன்பது குட்டிகள் இருந்ததையே பண்ணை மறந்துவிடுகிறது.

மூன்றாம் படி கூட்டத்தை ஒழிப்பது. நெப்போலியனுக்குப் போட்டியாக ஸ்னோபால் என்றொரு பன்றி. திட்டம் போடுவதிலும் பேசுவதிலும் கெட்டிக்காரன். காற்றாலை கட்டினால் மின்சாரம் வரும், வாரம் மூன்று நாள் வேலை செய்தால் போதும் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லாரையும் தன் பக்கம் இழுக்கிறது. வாக்கெடுப்பில் வென்றுவிடும் என்ற நிலை வந்தபோது நெப்போலியன் ஒரு சத்தம் கொடுக்கிறது. ஒன்பது பெரிய நாய்கள் பாய்ந்து வந்து ஸ்னோபாலைப் பண்ணையை விட்டே விரட்டுகின்றன. அன்றே உத்தரவு பிறக்கிறது: இனி ஞாயிற்றுக்கிழமை விவாதம் கிடையாது, பன்றிகளின் குழு தனியே கூடித் தீர்மானிக்கும், மற்றவர்கள் கொடியை வணங்கி வார உத்தரவை வாங்கிக் கொண்டு போகலாம். நான்கு இளம் பன்றிகள் எழுந்து ஆட்சேபித்தன. நாய்கள் உறுமின. செம்மறியாடுகள் தங்களுக்குத் தெரிந்த ஒரே கோஷத்தைக் கால் மணி நேரம் கத்தித் தீர்த்தன. விவாதம் முடிந்தது. அந்த நான்கு பன்றிகளையும் மறந்துவிடாதீர்கள்; பின்னால் வருகிறேன்.

இது வெறும் கற்பனை அல்ல. ரஷ்யாவில் 1922இல் ஸ்டாலின் கட்சியின் பொதுக் காரியதரிசி ஆனார். அது தாளும் கோப்பும் புரட்டுகிற அலுப்பு வேலை என்று பலர் நினைத்தனர். யாரை எங்கே நியமிப்பது என்ற அதிகாரம் அந்தக் கோப்புகளில்தான் இருந்தது. 1924இல் லெனின் இறந்தார். போட்டியாளரான டிராட்ஸ்கி 1927இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 1929இல் நாடு கடத்தப்பட்டார். 1940இல் மெக்சிகோவில் ஸ்டாலினின் கையாளால் கொல்லப்பட்டார். ஸ்னோபாலின் கதை டிராட்ஸ்கியின் கதைதான்.

ஆட்சியைப் பிடித்தாயிற்று. அதைக் காப்பது எப்படி? நாய் மட்டும் போதாது. எத்தனை நாய் வளர்த்தாலும் எல்லாப் பிராணிகளையும் எந்நேரமும் காவல் காக்க முடியாது. பிராணிகளின் மனத்துக்குள்ளேயே காவல் போட வேண்டும். அதற்கு நெப்போலியன் கையாண்ட வழிகளைப் பாருங்கள்.

ஒன்று, கண்ணுக்குத் தெரியாத எதிரி. புயலில் காற்றாலை இடிந்து விழுந்தால், ஸ்னோபால் செய்த சதி. சாவி தொலைந்தால் ஸ்னோபால். ஜன்னல் உடைந்தால் ஸ்னோபால். ஓடிப்போனவன் மேல் பழி போட்டால் அவன் வந்து பதில் சொல்லப் போவதில்லை. தலைவன் செய்த தவறு ஒவ்வொன்றுக்கும் சுமைதாங்கி கிடைத்துவிட்டது.

இரண்டு, சுவரில் இருந்த எழுத்து. பன்றிகள் ஜோன்ஸின் வீட்டுக்குள் போய்க் கட்டிலில் படுத்தன. விதி தடுக்கிறதே என்று போய்ப் பார்த்தால், விரிப்புப் போட்ட கட்டிலில்தான் படுக்கக் கூடாது என்று இருக்கிறது. மது குடித்தன, போய்ப் பார்த்தால் அளவுக்கு மீறித்தான் குடிக்கக் கூடாதாம். கொலை செய்தன, காரணமில்லாமல்தான் கொல்லக் கூடாதாம். ஒவ்வொரு விதியின் வாலிலும் இரண்டு சொல் முளைத்தது. ஓர் இரவு கொட்டகைக்கு வெளியே பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்குவீலர் கீழே விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒடிந்த ஏணி, விளக்கு, தூரிகை, கவிழ்ந்த வெள்ளைச் சாயம். அதைக் கண்ணால் பார்த்தும் பிராணிகளுக்கு விஷயம் விளங்கவில்லை!

மூன்று, கணக்கு. ஞாயிறுதோறும் ஸ்குவீலர் ஒரு நீளக் காகிதத்தை வைத்துக் கொண்டு, விளைச்சல் 200 சதவீதம் கூடிற்று, 300 சதவீதம் கூடிற்று, 500 சதவீதம் கூடிற்று என்று வாசிக்கும். கேட்கிற பிராணியின் வயிறோ காய்கிறது. தீனியைக் குறைத்தால் அதற்குக் குறைப்பு என்று பெயர் இல்லை, 'சீரமைப்பு' என்று பெயர். ஜோன்ஸ் காலத்தில் இதைவிட மோசமா, நன்றாக இருந்ததா என்று நினைத்துப் பார்க்கலாம் என்றால் யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை; எழுதி வைத்த பழைய கணக்கும் இல்லை. தோழர்களே, ஞாபகம் இல்லாத கூட்டத்துக்கு எந்தக் கணக்கையும் வாசித்துக் காட்டலாம்.

நான்கு, பயம். கோழிகளின் கதை தொழிற்சங்கத்தில் இருக்கும் நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது. வாரம் 400 முட்டை வெளியே விற்க நெப்போலியன் ஒப்பந்தம் போட்டது. அடைகாக்க வைத்திருந்த முட்டைகளைக் கொடுக்க மாட்டோம் என்று கோழிகள் உத்திரத்தில் ஏறி அமர்ந்து, அங்கிருந்தே முட்டையிட்டு உடைத்தன. அது ஒரு வேலைநிறுத்தம் அல்லாமல் வேறென்ன? உடனே அவற்றின் தீனி நிறுத்தப்பட்டது. ஒரு மணி தானியம் கொடுத்தவனுக்கும் மரண தண்டனை என்று உத்தரவு. ஐந்து நாள் தாங்கின. ஒன்பது கோழிகள் செத்தன. நோயில் செத்தன என்று செய்தி பரப்பப்பட்டது. வேறு எந்தப் பிராணியும் அவற்றின் துணைக்கு வந்ததாகக் கதையில் இல்லை. முட்டை கோழியின் பிரச்சினை, நமக்கென்ன என்று பசுவும் குதிரையும் இருந்திருக்க வேண்டும். தனியே நின்ற போராட்டம் ஐந்து நாளில் ஒடிந்தது.

அதன்பின் ஒரு நாள் எல்லாரையும் முற்றத்தில் கூட்டி, சதிகாரர்கள் ஒப்புக் கொள்ளட்டும் என்றார்கள். முதலில் இழுத்து வரப்பட்டவை எவை தெரியுமா? அன்று கூட்டத்தை ஒழிக்காதே என்று ஆட்சேபித்த அதே நான்கு பன்றிகள். செய்யாத குற்றத்தை ஒப்புக் கொண்டன; அங்கேயே நாய்கள் கழுத்தைக் கிழித்தன. பிறகு கோழிகளின் முறை. மாஸ்கோவில் 1936 முதல் 1938 வரை நடந்த விசாரணைகளைத்தான் ஆர்வெல் இப்படிக் காட்டினார். லெனினோடு தோளுக்குத் தோள் நின்ற பழைய தலைவர்கள், நாங்கள் அந்நிய நாட்டின் உளவாளிகள் என்று தாங்களே வாக்குமூலம் கொடுத்து மாண்டார்கள். அந்த வேட்டை உச்சத்தில் இருந்தபோது இரகசியப் போலீசை நடத்திய யெஷோவ் என்பவனும் 1940இல் கொல்லப்பட்டான். ஸ்டாலினின் பக்கத்தில் அவன் நின்ற புகைப்படத்திலிருந்து அவன் உருவத்தையே அழித்துவிட்டார்கள். நாயாய் இருந்து உழைத்தாலும் கதி அதுதான்.

இனி, இந்தக் கதையில் நம் நெஞ்சைத் தொடுகிற இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாக்சர் என்ற குதிரை. மலை போன்ற உடம்பு, கள்ளமில்லாத உள்ளம். எழுத்தில் நான்குக்கு மேல் அதன் தலையில் ஏறவில்லை. எந்தக் கஷ்டம் வந்தாலும் இன்னும் அதிகமாக உழைக்கிறேன் என்று சொல்லும். தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும். மற்றவர்களுக்கு முன்பே எழுந்து கல் இழுக்கும். குதிரைக்குப் பன்னிரண்டு வயதில் ஓய்வு என்று பண்ணையில் விதி உண்டு. ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு புல்வெளியும் ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் புல்வெளியில் பிறகு பார்லி விதைத்தார்கள். ஓய்வுக்குச் சில காலமே இருக்கும்போது பாக்சர் கல் இழுத்தபடியே நுரையீரல் தளர்ந்து விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்று ஒரு வண்டி வந்தது. அது குதிரைகளை அடித்துப் பசை காய்ச்சுகிறவனின் வண்டி. பாக்சரை விற்ற காசில் பன்றிகள் விஸ்கி வாங்கிக் குடித்தன.

தோழர்களே, உழைப்பு நல்லது. விசுவாசமும் நல்லது. கண்ணைத் திறக்காத விசுவாசம், விசுவாசம் வைத்தவனையே விற்றுவிடும். பாக்சர் ஒரு முறை உதைத்திருந்தால் ஒன்பது நாயும் சிதறியிருக்கும். அந்த உதையைக் கொடுக்கலாம் என்ற எண்ணமே அதற்கு வரவில்லை. சாட்டைப் பையனுக்கு அடங்கிப் போன அந்த வண்டிக் குதிரைதான் அது.

இரண்டாமவன் பெஞ்சமின் என்ற கழுதை. கிராணிமார்களே, இதை நான் உங்களைப் பார்த்துச் சொல்கிறேன். நானும் உங்களில் ஒருவன்தான். பன்றிகளுக்குச் சமமாகப் படிக்கத் தெரிந்த கழுதை அது. ஆனால் படிக்காது. படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கும். எந்த ஆட்சி வந்தாலும் பசியும் கஷ்டமும் மாறாது என்று ஞானம் பேசும். சுவரில் எழுத்து மாறியபோது அதற்குத் தெரியும். சாயப் பானை கவிழ்ந்து கிடந்த இரவில் அர்த்தம் புரிந்து தலையாட்டியது அது ஒன்றுதான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அது வாயைத் திறந்தது எப்போது? பாக்சரை ஏற்றிய வண்டியின் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்து அலறியது. அதற்குள் கதவு பூட்டியாகிவிட்டது. வண்டி நகர்ந்துவிட்டது.

பாக்சருக்குப் படிக்கத் தெரியாது. அது பாக்சரின் குற்றமல்ல. படிக்கத் தெரிந்த பெஞ்சமின் முதல் நாளே ஐந்து வாளிப் பாலைப் பற்றிப் பேசியிருந்தால்? முதல் விதியில் இரண்டு சொல் கூடியபோதே எல்லாரையும் கூட்டி உரக்கப் படித்துக் காட்டியிருந்தால்? கொடுங்கோலனுக்கு ஸ்குவீலரின் நாக்கு எவ்வளவு உதவியதோ, அவ்வளவு பெஞ்சமினின் மௌனமும் உதவியது. செக்ரோலும் கடிதமும் சட்டப் புத்தகமும் நம் கையில் புரள்கின்றன. எழுத்தறிவு நமக்கு வந்தது நம்மால் மட்டும் அல்ல. வெட்டுக் காட்டில் யாரோ குனிந்து நிமிர்ந்ததால் வந்தது. படித்தவன் தெரிந்தும் பேசாமல் இருந்தால், தெரியாதவனின் கழுத்தில் கயிறு விழுகிறது.

கதையின் முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பன்றிகள் இரண்டு காலில் நடந்தன. கையில் சாட்டை பிடித்தன. சுவரில் ஏழு விதிகளும் போய், சமத்துவம் என்ற சொல்லையே தலைகீழாக்கிய ஒரே விதிதான் மிஞ்சிற்று. பக்கத்துப் பண்ணைக்காரர்களோடு அவை விருந்துண்டு சீட்டாடின. ஜன்னல் வழியே பார்த்த பிராணிகளுக்கு, யார் பன்றி யார் மனிதன் என்று அடையாளம் தெரியவில்லை.

இந்தப் புத்தகத்துக்கு நேர்ந்த கதையும் ஒரு பாடம். ஆர்வெல் 1944இல் எழுதி முடித்தபோது பல பதிப்பகங்கள் மறுத்தன. ஸ்டாலின் அப்போது போரில் பிரிட்டனின் கூட்டாளி. நண்பனைக் குறை சொல்லலாமா என்று தயங்கினார்கள். போர் முடிந்து நட்பு முறிந்தபின் காற்று மாறியது. 1954இல் கார்ட்டூன் படமாக வந்தது. அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. இரகசியமாகப் பணம் கொடுத்தது பிறகு வெளிப்பட்டது. படத்தில் முடிவையே மாற்றினார்கள்: பிராணிகள் பன்றிகளை எதிர்த்து எழுகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்றியையும் மனிதனையும் வேறுபாடு தெரியாமல் ஒரே மேசையில் காட்டிய இடம் காணாமல் போயிற்று. சுவரில் விதி மாறிய கதைக்கே வாலில் மாற்றம் வந்தது, பாருங்கள்! ஆகவே இது ரஷ்யாவுக்கு மட்டும் சொன்ன கதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூட்டம் கூடுகிற இடமெல்லாம் இந்தக் கதை நடக்கலாம். நாட்டில் நடக்கலாம், கட்சியில் நடக்கலாம், கோயில் கமிட்டியில் நடக்கலாம், ஏன், ஒரு தொழிற்சங்கக் கிளையிலும் நடக்கலாம்.

அப்படி நடக்காமலிருக்க நாம் என்ன செய்ய வேண்டும்? பெரிய வித்தை ஒன்றுமில்லை. கூட்டம் தவறாமல் கூட வேண்டும். கூட்டத்துக்கு நாம் வர வேண்டும். போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும். சந்தா எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்குக் கேட்க வேண்டும். கேட்டால் கோபப்படுகிறவரிடம் இரண்டு முறை கேட்க வேண்டும். விதியை மாற்றுவதாக இருந்தால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். தேர்தலில் வாக்குப் பெட்டி இருக்க வேண்டும். எதிர்த்துப் பேசுகிறவரை, அவர் சொல்வது நமக்குப் பிடிக்காவிட்டாலும், முடிக்க விட வேண்டும். கோழிக்கு வந்த கஷ்டம் குதிரைக்கும் வரும் என்று எண்ணித் துணை நிற்க வேண்டும். நம் பிள்ளைகளை நான்கு எழுத்தோடு நிறுத்திவிடாமல் படிக்க வைக்க வேண்டும்.

தலைவர்களுக்கு மரியாதை கொடுப்போம். அவர்கள் நமக்காக அலைகிறார்கள். நல்ல தலைவர் கணக்குக் கேட்பதை அவமானமாக நினைக்க மாட்டார். கணக்குக் கேட்கிற தொழிலாளியே தம் காவல் என்று நினைப்பார்.

அடுத்த கூட்டத்தில் பொக்கிஷதாரர் கணக்கு வாசிக்கப் போகிறார். இவ்வளவு நேரம் நான் சொன்னதை ஒரு கதையாக மட்டும் கேட்டுவிட்டுப் போகாமல், அன்று எல்லாரும் வந்து, விளங்காத இடத்தில் கைதூக்கிக் கேளுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுங்கள். 

ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!